தொடலாம் என்று சொல்லி வையுங்கள்

வெளியூர்களில் வாழும் செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



நான் 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக வேலை பார்ப்பவள். காரைக்குடியைச் சுற்றிப் பதினோரு வருட ஓட்டம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை என்று உங்கள் ஊர்த் தெருக்களெல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறீர்கள். உங்களைப் பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். நடுநிசியில் அவர்களுக்கு ஒன்று என்றால், முகப்பைத் தாண்டி உள்ளே ஓடி வருகிற முதல் வெளியாள் பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி. இன்னும் விடியவில்லை, கோயில் ஒலிபெருக்கி அப்போதுதான் பாடத் தொடங்கியிருந்தது. சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேஸ் வந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர், விழுந்துவிட்டார், பேச்சு மூச்சில்லை. வண்டி கிளம்பியதும் அழைத்தவரின் எண்ணுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, நீங்க அவர் பக்கத்துல இருக்கீங்களா?”

“இல்லம்மா, நான் சென்னையில இருக்கேன். அவரு மகன் சிங்கப்பூர்லேர்ந்து சொன்னான்.”

நடந்தது இதுதான். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் கணவர் சாய்ந்ததும் ஆச்சி முதல் போனை மகனுக்குப் போட்டிருக்கிறார். மகனுக்கு அங்கிருந்து நம் 108ஐ அழைக்க முடியாது. அவர் சென்னையில் உள்ள பங்காளியை எழுப்பியிருக்கிறார். பங்காளி 108க்குச் சொல்லியிருக்கிறார். பெரியவர் கிடந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில் இருந்த போனிலிருந்து புறப்பட்ட செய்தி, கடல் தாண்டிப் போய்த் திரும்பி எங்களிடம் வந்து சேர்ந்தபோது எட்டு நிமிடம் போயிருந்தது.

பிறகு வீட்டைத் தேட வேண்டியிருந்தது. “பெரிய வீடு” என்று சொன்னார்கள். அந்த ஊரில் பெரிய வீடு என்ற பெயரில் மூன்று வீடுகள். உங்கள் வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள் தபால்காரருக்குத் தெரியும். பொன்னமராவதியிலிருந்து வந்து வண்டி ஓட்டும் எங்கள் பைலட்டுக்கு எப்படித் தெரியும்? கண்டுபிடித்து இறங்கினால் இரும்பு கேட்டில் சங்கிலி, அதற்குள் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் படுப்பது பின்கட்டில். அதன் வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. அவர் அப்போது வளவில் ஆச்சிக்குத் துணையாக நின்றிருந்தார். சங்கிலியை உலுக்கிக் கத்திய பிறகுதான் ஓடி வந்தார்.

நாங்கள் உள்ளே போனபோது பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். வாயில் சோடா ஊற்றிய ஈரம் சட்டையில் இருந்தது. ஆச்சி விசிறிக்கொண்டிருந்தார். தரையில் இறக்கிப் படுக்க வைத்து நெஞ்சை அமுக்கத் தொடங்கினேன். பைலட் அண்ணன் ஆம்பு பையை முகத்தில் பொருத்திக் காற்றுக் கொடுத்தார். மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினோம். கருவி சோதித்துப் பார்த்துவிட்டு, அதிர்ச்சி தேவையில்லை, அமுக்குவதைத் தொடருங்கள் என்றது. அந்த வார்த்தைக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியும். அதிர்ச்சியால் திருப்பக்கூடிய கட்டத்தை அந்த இதயம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அமுக்கிக்கொண்டே போனேன். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் ஸ்ட்ரெச்சர் பட்டையை எடுத்து வரும்போது அந்த வாட்ச்மேன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தவர். செட்டியார் ராத்திரி எத்தனை முறை இருமினார் என்று கேட்டால்கூடச் சொல்வார். விழுந்த சத்தம் கேட்டு ஒரு நிமிடத்துக்குள் ஓடி வந்தவரும் அவர்தான். எங்கள் வண்டியிலிருந்து சென்னைப் பங்காளியிடம் சொல்லி, ஆச்சியின் போன் எண்ணை வாங்கி, வாட்ச்மேனிடம் பேசவும் முடிந்திருந்தது. வழியிலேயே நான் சொன்னேன், “அண்ணே, அவரைத் தரையில படுக்கப் போட்டு நெஞ்சுல கை வச்சு அமுக்குங்க.” அவர் செய்யவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருக்கிறார்.

“கேட்டுச்சும்மா, நீ சொன்னது. நான் எப்படிம்மா முதலாளி நெஞ்சுல கை வைக்கிறது?”

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதம்.

என் அம்மா உங்கள் வீடுகளைப் போன்ற ஒரு வீட்டில் இருபது வருடம் சமையல் செய்தவர். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போவேன். அந்த வீட்டு ஆச்சி எனக்குக் கைநிறையச் சீப்புச்சீடை கொடுத்தவர். என் படிப்புக்கு முதல் ரூபாய் கொடுத்தவரும் அவர்தான். அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் அம்மா வாசலிலேயே என் காதில் சொல்லித்தான் உள்ளே அனுப்புவார்: “சொல்லாம எதையும் தொடாதே.” தேக்குத் தூணைத் தொடாதே, பித்தளைப் பாத்திரத்தைத் தொடாதே, உள்கட்டுக்குப் போகாதே. உங்கள் வீட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் முதல் நாளில் கற்றுக்கொண்ட பாடம் அது. யாரும் அதட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அந்த வீட்டுக் காற்றில் இருக்கிறது. பதினெட்டு வருடம் அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த மனிதரிடம், முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் சொன்னால் ஒரே நிமிடத்தில் அது அழிந்துவிடுமா?

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்று என்று நினைக்கிறோம். ஒன்றல்ல. ஊருணிக்கு வருகிற வரத்துக்கால் அடைபடுவதுபோல, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், பேசுவார். அந்த நேரத்தில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து, அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதயம் நின்றுபோவது வேறு. அங்கே கோளாறு மின்னோட்டத்தில். இதயம் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, பல நேரங்களில் முதலில் வெறுமனே உதறுகிறது. உதறுகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு வந்தவருக்கு இதயம் நிற்கலாம். எந்த முன்னறிகுறியும் இல்லாதவருக்கும் நிற்கலாம்.

இதில் எல்லோரும் ஏமாறுவது ஓர் இடத்தில். இதயம் நின்ற பிறகும் சிலர் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு விட்டுவிட்டுக் காற்றை இழுப்பார்கள், குறட்டை போல, மீன் வாய் திறப்பது போல. “மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு” என்று உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அது மூச்சே அல்ல. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சுவாசம் இயல்பாக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் போகக்கூடாது. உட்கார வைக்கக்கூடாது.

ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடங்களில் சேதமடையத் தொடங்குகிறது. யாரும் நெஞ்சை அமுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் கரைகிறது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை வண்டிகள் பெருகியிருக்கின்றன, சாலைகள் நன்றாகியிருக்கின்றன. ஆனாலும் நாங்கள் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் வளவுக்கு வர எங்களால் முடியாது. அந்த ஐந்து நிமிடம் வீட்டில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

வெறும் கையால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் மூத்தவரான கூவென்ஹோவன் ஒரு மின் பொறியாளர். நாய்களின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஆய்வில் இருந்தபோது, கருவியின் பட்டையை நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே ரத்த அழுத்தம் சற்று எழுவதை அவருடைய சகா நிக்கர்பாக்கர் கவனித்தார். நெஞ்சைத் திறக்காமலேயே வெளியிலிருந்து அமுக்கி ரத்தத்தை ஓட்டலாம் என்று அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமே செய்யும் இந்த முறை. நன்றாக அமுக்கினால் இயல்பான ரத்த ஓட்டத்தில் ஏறத்தாழ கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மூளைக்கும் இதயத்துக்கும் போகும். அந்தக் கால் பங்கு போதும், நாங்கள் கருவியோடு வந்து சேரும்வரை வாசலைத் திறந்து வைத்திருக்க.

செய்முறையை உங்கள் வீட்டுச் சமையலறை மொழியிலேயே சொல்கிறேன். கட்டிலில், மெத்தையில் அமுக்கினால் அமுங்குவது மெத்தைதான். தரையில் படுக்க வையுங்கள். உங்கள் ஆத்தங்குடிக் கல் தரையைவிட நல்ல இடம் இதற்குக் கிடையாது. பக்கத்தில் முட்டி போட்டு, நெஞ்சின் நடு எலும்பில், அதன் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து மேலே மற்ற கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக்கூடாது. தேன்குழல் அச்சை அமுக்கும்போது கை வலுவால் அமுக்க மாட்டோம், தோளைச் சாய்த்து உடம்பின் பாரத்தை இறக்குவோம் இல்லையா, அதுபோல. இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பயில்வானாக இருந்தாலும் அதற்குமேல் கை தளரும். விலா எலும்பு ஒடியும் சத்தம் கேட்கலாம். ஒடிந்த விலா ஆறிவிடும், கையை எடுக்காதீர்கள். பெரியவர்கள் திடீரென்று சாய்ந்தால் இது போதும். ஊருணியில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வாய்வழிக் காற்றும் கொடுக்க வேண்டும். அதை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.

இது நடக்கிற காரியம் என்று எனக்கு நிரூபித்தது ஒரு சமையல்கார அக்கா. இன்னோர் ஊர், இன்னொரு வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்த செட்டியார் இரண்டாம் கட்டில் சரிந்தார். அழைத்தது அந்த அக்காவே. நான் பேசியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். கை வைக்கச் சொன்னேன். ஒரு நொடி மௌனம். பிறகு அவர் யாரிடமோ கேட்பது எனக்குக் கேட்டது, “ஆச்சி, தொடட்டுமா?” அந்தப்பக்கம் ஓர் அதட்டல்: “கேக்குறதுக்கு இதுவா நேரம்? தொடு!”

நான் வண்டியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவர் என்னோடு சேர்ந்து எண்ணினார். முப்பது, அறுபது, நூறு. தாகம் எடுத்தவர் குரல்போல அவர் குரல் வறண்டது, ஆனால் எண்ணிக்கை விடவில்லை. “உங்களுக்கு மூச்சு வாங்குதுக்கா, மாத்திக்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பையன் வந்து மாறிக்கொண்டான். நாங்கள் போனபோது முன்வாசல் விரியத் திறந்து கிடந்தது. பட்டைகளை ஒட்டியதும் கருவி அதிர்ச்சி கொடுக்கச் சொன்னது. உதறிக்கொண்டிருந்த இதயம் அது. அந்த இருவரின் கைகள்தான் அதை அணையவிடாமல் வைத்திருந்தன. இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு கழுத்தில் நாடி தட்டியது. மூன்று மாதம் கழித்து வேறொரு கேஸுக்கு அந்தத் தெரு வழியாகப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பைலட் அண்ணன் ஹாரன் அடித்தார். எங்களை யாரென்று தெரியாமலேயே செட்டியார் கையைத் தூக்கினார்.

இப்படி நல்லபடியாக முடிகிற கேஸ்கள் குறைவு. வீட்டில் ஒருவர் சரியாக அமுக்கினாலும் பலர் போய்விடுகிறார்கள். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அமுக்குகிறவர்கள் பெருகினால் பிழைப்பவர்கள் பெருகுகிறார்கள் என்பது கணக்கோடு தெரிந்த உண்மை. டென்மார்க்கில் 2005இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள்; அடுத்து ஓட்டுநர் உரிமம் வாங்குகிறவர்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். 2001இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் நூற்றுக்கு சுமார் 21 பேருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். 2010இல் அது சுமார் 45 ஆனது. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் அதே காலத்தில் நூற்றுக்கு 3.5லிருந்து 10.8 ஆனார்கள்.

பெண்களுக்கு இந்த உதவி கிடைப்பது இன்னும் கடினம். ஆச்சி விழுந்தால் அந்த வாட்ச்மேன் பத்தடி தள்ளியே நின்றிருப்பார். அமெரிக்காவில் நடந்த ஆய்விலும், பொது இடத்தில் விழுகிற பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே நெஞ்சை அமுக்குகிறார்கள் என்று தெரிந்தது. அங்கேயே அப்படியென்றால், மருமகள் நிழல் மாமனார் மேல் படாமல் ஒதுங்கி நடந்த இந்த வளவுகளில் எப்படி இருக்கும்? வெட்கம் உயிரைவிடப் பெரிதல்ல என்று நான் சொன்னால் அது உபதேசம். நீங்கள் சொன்னால் அது அனுமதி.

உங்கள் வீடுகளைப் பற்றி ஒன்று யோசித்திருக்கிறேன். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் வைத்து அத்தனை நீளத்துக்குக் கட்டினார்களே, அது ஆடம்பரத்துக்காக மட்டுமா? வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுடைய புள்ளிக்கும் ஓர் அறை. அண்ணன் தம்பி குடும்பங்கள், கைம்பெண்ணாகித் திரும்பிய அத்தை, வியாபாரத்துக்காகக் கொண்டுவிக்கப் போன மகன் வரும்வரை காத்திருக்கிற மருமகள், வேலையாட்கள் என்று முப்பது நாற்பது பேர். நடு முற்றத்தில் ஒரு சொம்பு விழுந்தால் நாற்பது தலை எட்டிப் பார்க்கும். விழுந்தவரைத் தூக்க ஆள் தேட வேண்டியதில்லை. இன்று வீட்டின் நீளம் அப்படியே இருக்கிறது; எட்டிப் பார்க்கிற தலைகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டன. மிச்சம் இருப்பவர்கள் இரண்டு முதியவர்கள், ஒரு வாட்ச்மேன், காலையில் வந்து மாலையில் போகிற ஒரு அக்கா. நீங்கள் ஊரில் இல்லாததைக் குறையாகச் சொல்லவில்லை. கடல் தாண்டிப் போவது உங்களுக்குப் புதிதும் இல்லை. ஆனால் உங்கள் கைகள் இல்லாத இடத்தில் இருக்கிற கைகள் இவர்களுடையவை. அந்தக் கைகளை நீங்கள்தான் அவிழ்த்துவிட வேண்டும்.

ஆகவே, இந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசும்போது அப்பச்சியிடம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்ட பிறகு, போனை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சமையல் அக்காவிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லுங்கள்: “அப்பச்சிக்கோ ஆத்தாவுக்கோ ஏதாச்சும் ஆனா, யாரையும் கேக்க வேண்டாம். எனக்குப் போன் போட வேண்டாம். முதல்ல 108. அடுத்து, கூப்பிட்டும் அசைவில்லாம மூச்சு சரியா இல்லைன்னா, நெஞ்சுல கை வச்சு அமுக்குங்க. அதனால எது ஆனாலும் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்.” பெற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கும்படி சொல்லுங்கள். அவர்கள் வாயாலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். ஆச்சியிடம் தனியாகவும் பேசுங்கள், அவருக்கே ஆபத்து வந்தால் தொட வேண்டியவர் ஓர் ஆணாகவும் இருக்கலாம் என்று.

“செட்டியாரை நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிருவாங்களோ” என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்கிற காரியம் குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் துணிய மாட்டார். உங்கள் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் துணிவார்.

இன்னும் சில காரியங்கள் உண்டு. உங்கள் சிங்கப்பூர் எண்ணிலிருந்து 108ஐப் பிடிக்க முடியாது. பெங்களூரிலிருந்து அடித்தால் கர்நாடகத்தின் 108 எடுக்கும். எனவே முதல் அழைப்பு வீட்டிலிருந்தே போக வேண்டும். வீட்டுப் போனுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 108 என்ற எண், ஊர்ப் பெயர், தெருப் பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், எந்தத் தெரு வாசலுக்கு வண்டி வர வேண்டும் என்பது. பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும். கேட் சாவியின் நகல் ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். ராத்திரியில் பெரியவர்கள் படுக்கும் இடம் முகப்புக்கு அருகே இருந்தால் நல்லது. ஸ்ட்ரெச்சரோடு ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டி வருவதற்குள் நிமிடங்கள் போய்விடுகின்றன.

இன்னொரு காரியம் தனி ஒருவரால் ஆகாது. நகரத்தாராகச் சேர்ந்து செய்ய வேண்டியது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் உங்கள் புளோக்கின் லிஃப்ட் பக்கத்தில் சுவரில் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது நாங்கள் கொண்டுவருகிற அதே மின்னதிர்ச்சிக் கருவி. இரண்டு குடியிருப்புப் புளோக்குகளுக்கு ஒன்று என்று அங்கே வைத்திருக்கிறார்கள். 2015 முதல் அந்த நாட்டின் குடிமைத் தற்காப்புப் படை ஒரு செயலியும் நடத்துகிறது. அருகில் யாருக்காவது இதயம் நின்றால் சுற்றுவட்டத்தில் உள்ள, அந்தச் செயலியில் பதிவு செய்தவர்களின் போனில் மணி அடிக்கும், ஓடிப்போய் உதவலாம். கருவி தானே பேசும். பட்டையை எங்கே ஒட்டுவது என்று படம் இருக்கும். தேவையில்லாத இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்காது. அங்கே உங்கள் அண்டைவீட்டாருக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு இங்கே உங்களைப் பெற்றவர்களுக்கும் கிடைக்கட்டுமே.

வியாபாரத்தில் மகமை ஒதுக்கிக் கோயில் கட்டியவர்கள், ஊருணி வெட்டியவர்கள், காசியில் சத்திரம் வைத்தவர்கள் உங்கள் முன்னோர்கள். ஊருணியை அவர்கள் வீட்டுக்குள் வெட்டவில்லை. ஊருக்கு நடுவே, யாரும் வந்து மொள்ளும்படி வெட்டினார்கள். கருவியையும் அப்படியே வையுங்கள். கோயில் வேண்டாம், உச்சிகாலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். பூட்டிய சங்கக் கட்டடமும் வேண்டாம். ராத்திரியிலும் ஆள் இருக்கிற பெட்ரோல் பங்க், பேருந்து நிறுத்தக் கடை போன்ற இடத்தில் இருக்கட்டும். பேட்டரிக்கும் ஒட்டும் பட்டைக்கும் காலக்கெடு உண்டு. மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும், குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும், கல்யாணங்களுக்கும் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வருகிறீர்கள். அப்படி வரும் நாட்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி பொம்மையை வளவில் கிடத்தி, எல்லோரையும் அமுக்கிப் பார்க்க வையுங்கள். செட்டியார் முதலில் முட்டி போடட்டும். வாட்ச்மேன் அதற்கடுத்துப் போடட்டும்.

அப்படி ஒரு வகுப்பு ஒரு வீட்டு வளவில் நடந்தது. நான் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். பின்வரிசையில் அந்த வாட்ச்மேன் நின்றிருந்தார், பதினெட்டு வருடம் இருந்தவர். அந்த வீடு பூட்டப்பட்டுவிட்டதால் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார். அவர் முறை வந்ததும் தோள் துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் அந்த வீட்டு ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சி தலையை அசைத்தார். அதன் பிறகு அவர் அமுக்கியதுபோல அன்று வேறு யாரும் அமுக்கவில்லை. நான் எண்ணிக்கையை நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

அவரிடம் வலு எப்போதும் இருந்தது. ஒரு தலையசைப்புத்தான் அன்று மார்கழியில் இல்லாமல் போயிற்று. உங்கள் வீட்டில் அது இல்லாமல் போக வேண்டாம். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

நாங்கள் வந்துகொண்டிருப்போம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து,
108 வண்டியின் ஒரு மருத்துவ உதவியாளர்